கம்பவுண்டர் முதல் ஃபார்மசிஸ்ட் வரை: மருந்துக்கடைச் சுவரில் தொங்கும் சான்றிதழின் கதை



"இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுங்க சார்" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். ஆவடி காங்கிரஸ் மாநாடு, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பெரிய சரித்திரங்கள் நிறைய இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது, நம் எல்லோர் வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாத்திரை டப்பாவின் சரித்திரம். அதை நமக்கு எடுத்துத் தருபவர் யார், அவர் என்ன படித்தவர், எப்போது படித்தார் என்ற கதை.

நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து பற்றிப் படித்தவன் அல்ல. இந்தக் கதையைத் தேடிப் படிக்க வேண்டிய நிலை எனக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் என் மனைவிக்கு முடக்குவாதம் என்று தெரிந்தது. விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதினார். சீட்டில் ஆங்கிலத்தில் 'வாரம் ஒருமுறை' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். இருபது சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள் என்பதற்காக நான் வழக்கமாகப் போகும் ஒரு கடையில் வாங்கினேன். கவுன்டரில் இருந்த பையன் கவரின் மேல் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தான். நானும் வாங்கி வந்தேன். வங்கியில் முப்பத்தைந்து வருடம் செக்கின் தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் சரிபார்த்தவன், வீட்டு மருந்துச் சீட்டைச் சரிபார்க்கவில்லை.

ஐந்து நாள் தினம் ஒன்றாகச் சாப்பிட்டாள். ஆறாம் நாள் வாயெல்லாம் புண். காபிகூட விழுங்க முடியவில்லை. வாய்ப்புண்ணுக்குத் தடவ ஏதாவது வாங்கலாம் என்று, வழக்கமான கடை அன்று திறக்காததால், வேறொரு தெருவில் இருந்த சிறிய மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருந்தது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்.

"யாருக்கு சார்? வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

சட்டைப் பையில் இருந்த கவரை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சார், இது வாரத்துக்கு ஒரு தடவை போடற மாத்திரை. தினமும் கொடுத்தீங்களா? இனிமே ஒண்ணுகூடக் கொடுக்காதீங்க. ஜெல் எல்லாம் வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கவரையும் கையில எடுத்துக்கங்க."

ரத்த அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முறிவு மருந்து ஊசி போட்டுத் தேற்றினார்கள். இன்னும் நாலைந்து நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று நன்றாக இருக்கிறாள். மாலையில் சி பிளாக் பெஞ்சில் நீங்கள் பார்க்கலாம்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போனேன். "இதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"காலேஜ்ல ஒரு வரி வரும் சார். பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும். போன வருஷம் ஒரு நாள் கிளாஸுக்குப் போனேன். தப்பாக் கொடுத்தா ஆளையே கொல்ற மருந்து எதெதுன்னு ஒரு லிஸ்ட் கொடுத்தாங்க. அதுல இது இருந்துச்சு. அன்னிக்குக் கடைக்கு லீவு போட்டதால ஒரு நாள் சம்பளம் கட்" என்று சிரித்தார்.

முதல் கடைக்கும் போய்ப் பார்த்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஃபார்மசிஸ்ட் பதிவுச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பெயர் இருந்தவர் கடையில் இல்லை. "சாயங்காலம் வருவார் சார்" என்றார்கள். இரண்டு கடையிலும் சுவரில் சான்றிதழ் இருந்தது. ஒரு கடையில் மட்டும்தான் படித்தவர் நேரில் இருந்தார். அவரும் சமீபத்தில் திரும்பப் படித்திருந்தார். என் மனைவியைக் காப்பாற்றியது அந்த ஒரு நாள் வகுப்பு. அந்தச் சான்றிதழ் எப்படிச் சுவருக்கு வந்தது, அந்த ஒரு நாள் வகுப்பு எப்போது வந்தது என்று அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

பாட்டில் கொண்டுபோன காலம்

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கம்பவுண்டர் ஞாபகம் இருக்கும். அப்பா டிஐ சைக்கிள்ஸில் வேலை பார்த்தார். எனக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகும்போது அம்மா மறக்காமல் கழுவிய காலி பாட்டிலைப் பையில் வைப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, முதுகில் தட்டிப் பார்த்து, சீட்டு எழுதுவார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலக்கித் தருவார். பாட்டிலின் பக்கத்தில் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டியிருப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அளவு தப்பாது. இன்றைய கவர் எழுத்தைவிட அது நல்ல ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கம்பவுண்டர் பெரும்பாலும் டாக்டர் பக்கத்தில் நின்றே தொழில் கற்றவர். அவர் கையாண்ட சரக்கு கொஞ்சம்தான். சோடா உப்பு, சில டிஞ்சர்கள், இருமல் மிக்ஸ்சர், பொடி மடித்த பொட்டலம். இருபது வயதில் கற்றதை வைத்து அறுபது வயது வரை ஓட்ட முடிந்தது, ஏனென்றால் மருந்து அலமாரி அவ்வளவு வேகமாக மாறவில்லை. ஒருமுறை கற்றால் போதும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. மருந்துகள் மாறியபோது அந்த நம்பிக்கை மாறவில்லை என்பதுதான் பிரச்சினை.

பிராட்ஃபோர்டு மிட்டாய்

மருந்து விற்பவருக்குப் படிப்பு வேண்டும் என்று சட்டம் சொல்ல ஆரம்பித்ததற்குப் பின்னால் பெரும்பாலும் சாவுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1858-ல் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் நடந்தது அதில் ஒன்று. அங்கே மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரைச் செலவைக் குறைக்க ஒருவகை வெள்ளைப் பொடியைக் கலப்பார்கள். அதை வாங்க மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார்கள். கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. புதிதாகச் சேர்ந்த உதவியாள் தவறான பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்தார். அதில் இருந்தது ஆர்சனிக். சந்தையில் அந்த மிட்டாயை வாங்கித் தின்றவர்களில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

இதுபோன்ற சம்பவங்கள் கிளப்பிய கூக்குரலுக்குப் பின் 1868-ல் பிரிட்டிஷ் பார்மசி சட்டம் வந்தது. குறிப்பிட்ட விஷப் பொருட்களைப் பதிவு பெற்றவர்களே விற்க வேண்டும் என்றது. நூற்றறுபது வருடத்துக்கு முன் நடந்தது என்று நினைக்காதீர்கள். பொறுப்பானவர் கடையில் இல்லை, கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. எங்கள் கவரில் 'காலை 1' எழுதப்பட்டதும் இதே முறையில்தான்.

நம் நாட்டுக்குச் சட்டம் வந்த வழி

இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சியில் மருந்து விற்க நாடு முழுவதற்குமான கட்டுப்பாடு வெகுகாலம் இல்லை. 1920-களில் போலி மருந்தும் கலப்பட குயினைனும் சந்தையில் பெருகின. மலேரியாக்காரன் காசு கொடுத்து வாங்கியது குயினைனா வெறும் மாவா என்று தெரியாத நிலை. 1930 ஆகஸ்டில் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ராணுவ மருத்துவரும் மருந்தியல் அறிஞருமான கர்னல் ராம்நாத் சோப்ரா. மறு வருடமே அறிக்கை வந்தது. மருந்தின் தரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும், மருந்து கொடுப்பவரின் தரத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற இரண்டு கருத்துகளும் அந்த அறிக்கையிலிருந்து வளர்ந்தவை.

1932-ல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் படிப்புக்கு அடித்தளம் போட்டார். இந்திய ஃபார்மசி கல்வியின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1945-ல் அதற்கான விதிகள் வந்தன. கடையில் தொங்கும் லைசென்ஸுகள் இந்த விதிகளின்படி தரப்படுபவை. ஆளைப் பற்றிய சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. அது 1948-ம் ஆண்டு பார்மசி சட்டம். 1949-ல் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. 1953-ல் முதல் கல்வி விதிமுறைகள் வந்தன. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பதிவேடு, அதில் பெயர் உள்ளவரே டாக்டர் சீட்டுக்கு மருந்து கலக்கவோ கொடுக்கவோ வேண்டும். சட்டத்தின் 42-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

முப்பத்தாறு வருட அவகாசம்

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. நாட்டில் படித்த ஃபார்மசிஸ்ட்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான கம்பவுண்டர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் ஆஸ்பத்திரிகள் மூடிக்கொள்ள வேண்டியதுதான். எனவே, முதல் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகள் மருந்து கலக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கும் இடம் தந்தார்கள். கடைகளிலும் அப்படியே. நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர்களைத் 'தகுதி பெற்ற நபர்' என்று அதிகாரிகள் ஏற்கும் ஏற்பாடு 1969 டிசம்பர் 31 வரை இருந்தது.

42-வது பிரிவுக்கும் அவகாசம் கொடுத்தார்கள். மாநில அரசு ஒரு தேதியை அறிவித்தால்தான் அது அந்த மாநிலத்தில் அமலுக்கு வரும். தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் சட்டத்தைத் திருத்தி, மாநிலம் தேதி அறிவிக்காவிட்டாலும் 1976-ம் ஆண்டுத் திருத்தம் அமலானதிலிருந்து எட்டு ஆண்டுகள் முடிந்ததும் பிரிவு தானாக அமலாகும் என்றார்கள். அந்த எட்டு ஆண்டு 1984 செப்டம்பரில் முடிந்தது. 1948-ல் எழுதிய விதி எல்லா இடத்திலும் உயிர் பெற முப்பத்தாறு வருடம் ஆனது.

அப்போது நான் வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம். இதைப் பற்றி எங்கும் படித்ததாக ஞாபகமே இல்லை. அம்பத்தூர் ஓடியில் மாத்திரை வாங்கும்போது கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அனுபவசாலிகள் இல்லாவிட்டால் ஐம்பது, அறுபதுகளில் நம் ஊர்களில் மருந்தே கிடைத்திருக்காது. ஆனால் இந்த நீண்ட இழுபறியில் எல்லோர் கவனமும் ஒரே கேள்வியில் நின்றுவிட்டது: பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? பெயர் ஏறிய பிறகு அவர் என்ன படிக்கிறார் என்ற கேள்வி வர இன்னும் முப்பது வருடம் ஆனது.

பாடம் நின்றது, மருந்து ஓடியது

டிப்ளமோ ஃபார்மசி என்பது பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு, அதோடு 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. நம் மருந்துக்கடைகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் இதைப் படித்தவர்கள். இதற்கான பாடத்திட்டம் 1991-ல் வகுக்கப்பட்டது. அடுத்த புதிய விதிமுறை 2020-ல்தான் வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் ஒரே பாடம்.

அந்த முப்பது வருடத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாம் கேட்டு வாங்கிக் கொடுத்த நிமிசுலைடு 2011-ல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. சளி மாத்திரைகளில் சர்வசாதாரணமாக இருந்த ஃபீனைல்புரோபனோலமைன் அதே வருடம் தடைக்குள்ளானது. 2014 மார்ச் முதல் 'எச் 1' என்ற புதிய அட்டவணை அமலுக்கு வந்தது. முதலில் அதில் 46 மருந்துகள். வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடும் சில மருந்துகள் எல்லாம் அடக்கம். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை ஒரே நாளில் தடை செய்தார்கள். வழக்குகள் நடந்தன. 2018-ல் 328, 2024-ல் 156 என்று பட்டியல்கள் தொடர்ந்தன.

1995-ல் டிப்ளமோ வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்மையானவர், வகுப்பில் முதல் மாணவர். அதன் பிறகு எதையும் படிக்கவில்லை என்றால், அவர் தலையில் இருக்கும் பட்டியலில் இன்று பாதி காலாவதி. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறோம், சான்றிதழில் போடுவதில்லை.

எங்கள் வங்கியில் இதற்கு ஒரு வழி இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வந்தால், ஒவ்வொருவரும் படித்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. சிஏஐஐபி தேர்வு எழுதித் தேறினால் சம்பளத்தில் இன்கிரிமென்ட் கிடைக்கும். எண்பதுகளில் லெட்ஜர் போய் மெஷின் வந்தபோது, நாற்பத்தைந்து வயதுக்காரர்களையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், கற்றுக்கொண்டு வந்தார்கள். பயிற்சி நாளுக்குச் சம்பளமும் உண்டு. அடுத்தவர் பணத்தைத் தொடுபவனுக்கு இவ்வளவு ஏற்பாடு இருந்தது. அடுத்தவர் உயிரைத் தொடும் கவுன்டருக்கு?

2015: முதல் முறையாக 'திரும்பப் படி'

அதற்கான விடையின் தொடக்கம் 2015 ஜனவரியில் வந்தது. இந்திய பார்மசி கவுன்சில் வெளியிட்ட 'பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள்' என்ற அறிவிக்கை அது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, ஃபார்மசிஸ்ட் வெள்ளைக் கோட்டு அணிந்து, பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். கவுன்டரில் நிற்பவர்களில் படித்தவர் யார் என்று நமக்குத் தெரியத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது, சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது விளக்கம் சொல்ல வேண்டும். எதற்கான மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எப்படி வைத்திருக்க வேண்டும், ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் அடங்கும். இது அவர் நமக்குச் செய்யும் தயவு அல்ல, அவருடைய கடமை.

மூன்றாவது, பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். அந்தப் பெண் சம்பளம் இழந்து போய் உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான்.

ஐந்து வருடத்தில் இரண்டு நாள் என்பது குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான். பிரிட்டனில் 2018 முதல் ஒவ்வொரு ஃபார்மசிஸ்ட்டும் வருடா வருடம் தான் கற்றதைப் பற்றி நான்கு குறிப்புகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு சக தொழில்காரர் ஒருவரோடு தன் வேலையைப் பற்றிப் பேசி அதையும் பதிய வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தாயா என்று மட்டும் அங்கே கேட்பதில்லை. எது தெரியவில்லை என்று கண்டுபிடித்தாய், எப்படிக் கற்றாய், அதனால் உன்னிடம் வந்த நோயாளிக்கு என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். தொடர் தொழில்முறை வளர்ச்சி என்று அதற்குப் பெயர். நாமும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆனாலும் 1948-லிருந்து அறுபத்தேழு வருடம் பூஜ்யமாக இருந்த இடத்தில் இரண்டு வந்திருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2022-ல் இன்னொரு விதி வந்தது. டிப்ளமோ முடித்தவர் பதிவு செய்வதற்கு முன் தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். இது நுழைவாயிலில் நிற்கும் காவலாளி. நல்லதுதான். உள்ளே வந்த பிறகு நாற்பது வருடம் என்ன என்பது வேறு கேள்வி.

இருமல் மருந்து சொன்ன பாடம்

2025 அக்டோபரில் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இதே நச்சு 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது.

பாட்டிலுக்குள் நச்சு இருப்பதை எந்தக் கடைக்காரரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது தயாரித்தவர், சோதித்தவர் பொறுப்பு. ஆனால் இதில் இன்னொரு விஷயம் பலர் கவனத்துக்கு வரவில்லை. அந்த மருந்தில் இருந்த குளோர்ஃபெனிரமைன், ஃபீனைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது, லேபிளிலும் அப்படி அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். எழுதிய டாக்டர் கையிலும் கொடுத்த கவுன்டரிலும் அந்த ஒரு உத்தரவு படிக்கப்பட்டு மனதில் நின்றிருந்தால், சில பாட்டில்களாவது அலமாரியிலேயே இருந்திருக்கும். வங்கி சர்க்குலரை நான் சும்மா இழுக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் பகுதியில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. சிடிஎச் ரோடு முழுக்கப் பெரிய சங்கிலிக் கடைகள், தெருவுக்குள் சின்னக் கடைகள், மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி முதல் முதல்வர் மருந்தகம். எங்கே வாங்கினாலும் இவற்றை மட்டும் செய்யுங்கள்.

பெயர்ப் பலகையைப் படியுங்கள். விதிப்படி, ஃபார்மசிஸ்ட் இருக்கும் கடைதான் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்று போடலாம். ஃபார்மசிஸ்ட்டும் இருந்து, மருந்து கலக்கும் வசதியும் இருந்தால் 'ஃபார்மசி' என்று போடலாம். ஃபார்மசிஸ்ட் தேவைப்படாத மருந்துகளை மட்டும் விற்பது 'டிரக் ஸ்டோர்'.

"ஃபார்மசிஸ்ட் யாருங்க?" என்று கேளுங்கள். சண்டை போட வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். அவர் இருந்தால் மகிழ்ச்சியாகக் கையைத் தூக்குவார். இல்லையென்றால், சீட்டு மருந்தை அவர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

புதிய மருந்து என்றால் மூன்று கேள்வி: இது எதற்கு, எப்போது எவ்வளவு, நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? பழைய மாத்திரைகளின் பட்டியல் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை மாத்திரை வீட்டில் இருந்தால், கவரில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கிழமையை முழுதாக எழுத வேண்டும் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020-ல் அறிவுறுத்தியது. எங்கள் வீட்டு அட்டையில் சிவப்பு மையில் 'ஞாயிறு மட்டும்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் தினம். சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பு 1912-ல் தொடங்கிய நாள் அது. வருகிற செப்டம்பரில் அதையொட்டிய ஞாயிறு மாலை, சுற்றுவட்டாரக் கடைகளில் வேலை பார்க்கும் ஃபார்மசிஸ்ட்டுகளை நம் கம்யூனிட்டி ஹாலுக்கு அழைப்போம். நாம் நம் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போவோம். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது, எதை எப்படிச் சாப்பிடுவது என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். சமீபத்தில் எந்த வகுப்புக்குப் போனார்கள், என்ன புதிதாகத் தெரிந்துகொண்டார்கள் என்று நாமும் கேட்போம். வாடிக்கையாளர் அதைக் கேட்கிறார் என்று தெரிந்தால், முதலாளியும் அடுத்த முறை அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்க யோசிப்பார். டீ, சுண்டல் செலவு என்னுடையது.

அந்தப் பெண்ணை முதலில் அழைக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இப்போது வேறு ஏரியாவில், கொஞ்சம் பெரிய கடையில் இருக்கிறார். போன வாரம் போனில் பேசினேன். வந்துவிடுவதாகச் சொன்னார். "சார், அன்னிக்கு லீவு கிடைச்சா" என்றும் சேர்த்துச் சொன்னார்.

செயற்குழு ஒப்புக்கொண்டால் தேதியை அடுத்த இதழில் அறிவிக்கிறோம். அதுவரை, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து, ஒவ்வொரு கவரையும் டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் அதைச் செய்யாமல் விட்டதற்கு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தேன்.